கிணற்றுப்படியில் கிடந்த முள்

1943-ஆம் வருஷக் கோடை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் குமாஸ்தா. வயது இருபத்தைந்து. வீட்டில் கதர், ஆபீஸில் வாயைப் பொத்திக்கொண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

அப்படி ஒரு ஞாயிறு கொற்கைக்குப் போனேன். ஒரு காலத்தில் முத்து வியாபாரம் நடந்த துறை. இப்போது கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. குளத்தைச் சுற்றி, வாழைத்தோட்டம் வழியாகப் பனங்காட்டைத் தொட்டு வந்தால் மூன்று மணி நேர நடை. மேடு பள்ளம் கிடையாது, குழந்தைகூட நடந்துவிடும். வயலில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு, பனங்காட்டில் பதநீர் வாங்கி வயிறு முட்டக் குடித்துவிட்டு, ராஜா மாதிரி நடந்தேன்.

கொற்கையைத் தாண்டி ஒரு சிற்றூர். ஊர் எல்லையில் படி இறங்கும் கிணறு. படியின் வாயில் உடைமரத்து முள்ளை வெட்டிக் குவித்து அடைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி வெயிலில் ஒருத்தி நின்றாள். இடுப்பில் இருந்த பெண் குழந்தை தண்ணீருக்கு அழுதுகொண்டிருந்தது. விசாரித்தேன். தாய்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாளாம். தெற்கே இருக்கும் சேரிதான் அவள் ஊராம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இவர்கள் இறங்கிவிடக் கூடாது என்றுதானே முள் போட்டிருக்கிறார்கள்! கை கீறினாலும் பரவாயில்லை என்று முள்ளை இழுத்து ஓரமாக எறிந்தேன். அவள் பயந்துபோனாள்.

“வேண்டாம்யா. பாத்தா ஏசுவாவ.”

“நான் நிக்கேன்லா, குடிம்மா” என்றேன்.

படியிறங்கி, பையிலிருந்த என் செம்பிலேயே தண்ணீர் மொண்டு வந்தேன். கையில் ஊற்றவில்லை, செம்பையே கையில் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. குழந்தைக்குப் புகட்டிவிட்டு அவளும் குடித்தாள். அவள் கொண்டுவந்த கலயத்தையும் நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். பதநீர் குடித்த வயிறு, நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன், ஊர்க்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க. முள் இரண்டு மடங்காகக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் நியாயம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாந்திபேதியில செத்தவன் துணிய அந்தப் படியிலதான் அலசிட்டாவ. பொறவு மூணு பேரு போயாச்சு. ஒருத்தரும் குடிக்கக் கூடாதுன்னு முள்ளு போட்டோம். எவனோ படுபாவி எடுத்து எறிஞ்சிருக்கான்.”

சேரிக்கு இதைச் சொல்லியனுப்பினீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர்கள் இந்தக் கிணற்றுப் பக்கமே வரக்கூடாதே, அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார் அவர், வெகு சாதாரணமாக.

தெற்கே ஓட்டமும் நடையுமாகப் போனேன். அடையாளம் சொல்லி விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். குழந்தை பாயில் கிடந்தது. உயிர் இருந்தது; கண் குழிந்து, தோல் சுருங்கிக் கிடந்தது. அவள் இல்லை. புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கதர்ச் சட்டையையும் தோளில் தொங்கிய பையையும் வைத்து அவனே என்னைக் கண்டுகொண்டான். எழுந்து கும்பிட்டான்.

“தண்ணி கொடுத்த ஐயா நீங்கதானா? கெடையில கெடக்கும்போதும் ஒங்களத்தான்யா சொல்லிக்கிட்டே இருந்தா. பொறந்ததுலேர்ந்து இப்பத்தான் ஊர்க் கெணத்துல குடிச்சேன்னு.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அடிப்பானே என்ற பயம் இல்லை; அந்தக் கும்பிடு போய்விடுமே என்ற பயம். இவ்வளவு நடந்தும் எனக்கு அது வேண்டியிருந்தது.

குழந்தை பிழைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நோய் வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. முள் ஏன் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து எறிந்ததைக்கூட இளவயசுக் கோளாறு என்று ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். ஆனால் அவளைக் கொன்ற தண்ணீருக்காக அவள் புருஷன் சொன்ன நன்றியை நான் வாங்கிக்கொண்டு வந்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.