வாரேன்னு சொல்லுங்க

இறங்கியவர் வாடகையைக் கொடுத்தாயிற்று. பெட்டி படுக்கையும் வாசலில் வைத்தாயிற்று. டாக்சி மட்டும் நகரவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு மறந்துபோட்டீங்களே!"

பாவம், அவர் இருட்டில் பையைத் தடவுகிறார், குடையைத் தேடுகிறார்.

"அதில்லீங்க. போயிட்டு வாரேன்னு சொல்லலீங்களே!"

சொன்னால்தான் சென்னிமலை கியரைத் தொடுவார். கோயமுத்தூர் ரயிலடியில் இராத்திரி டாக்சி ஓட்டுகிறவர்; சோமனூர்க் கருப்பாத்தாளின் கடைசித் தம்பி. "மோட்டார்ல ஏறுறவங்கெல்லாம் இவனுக்கு மாமன் மச்சானாட்ட! சொல்லிப்போட்டுத்தான் எறங்கோணுமாக்கும்!" என்று அந்த அக்காளே சிரிப்பாள்.

புறப்படுமுன் வண்டியின் இரண்டு விளக்குகளையும், கைக்குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி, தோள் துண்டால் துடைப்பார். பிறகு கண்ணாடியில் சவாரியின் முகத்தைப் பார்ப்பார். முகம் வாடியிருந்தால் போச்சு. "சாப்பிட்டீங்களா? ஊட்டுல சண்டைங்களா?" என்று இறங்கும்வரை கேள்விதான்.

காரணம் இருக்கிறது. முன்னொரு ஆடியில் ஒருவரைச் சிங்காநல்லூர்க் குளத்தோரம் இறக்கிவிட்டார். "போறேனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார். விடிந்ததும் குளத்தில் யாரோ மிதப்பதாக ஊர் பேசியது. அது அவர்தானா என்று போய்ப் பார்க்கச் சென்னிமலைக்குக் கால் எழவில்லை. இன்றைக்கும் தெரியாது. "ஒரு வார்த்த திருப்பிக் கூப்புட்டிருந்தா..." என்று தொடங்குவார், முடிக்கமாட்டார்.

போன மாதம் மதராசிலிருந்து வந்த ஒருவர் வம்பு பிடித்தவர். "நான் எதுக்குய்யா உங்கிட்டத் திரும்பி வரணும்? போறேன்!" என்று நடையைக் கட்டினார். சென்னிமலை விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வண்டியை உருட்டினார். அவர் நடந்தால் வண்டி நடந்தது, ஓடினால் ஓடியது. "ஐயோ, கொலைகாரன்!" என்று ஒப்பணக்காரத் தெரு முழுக்கக் கத்தி, கடைசியில் யாருடைய மாட்டுக் கொட்டகையிலோ வைக்கோலுக்குள் புகுந்துகொண்டார். வெளியே கெஞ்சல்: "வாரேன்னு சொல்லிப்போடுங்க சாமி!"

வண்டிக்குச் சொந்தக்காரர் லட்சுமணசாமி கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொருக்கா இப்படிச் செஞ்சயின்னா, சாவியக் குடுத்துப்போட்டுப் போயிரு." டாக்சியை விட்டால் சென்னிமலைக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

சோதித்துப் பார்க்கத்தானோ என்னவோ, ஓர் இரவு முதலாளியே பின்சீட்டில் ஏறினார். தம் வீட்டு வாசலில் இறங்கி, அழுத்தந்திருத்தமாக, "நா போறேன்," என்றார்.

சென்னிமலை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதலாளி வாசற்கதவைத் திறந்தார். அவ்வளவுதான், இவர் குதித்து ஓடிப்போய்ச் சாவியை அவர் கையில் திணித்தார்.

"வேல போனாப் போகுதுங்க. வெச்சுக்குங்க."

முதலாளி முறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சென்னிமலை வண்டிக்குத் திரும்பினார். கையால் அமுக்குகிற ரப்பர் பந்து ஹாரனுக்குச் சாவி எதற்கு? பாம்! பாம்! தெருவே விழித்துக்கொண்டது. நாய்களும் கூடச் சேர்ந்துகொண்டன. மாடியிலிருந்து முதலாளியின் மனைவி வரலட்சுமியின் குரல் கேட்டது: "ஏனுங்க, அந்த ஒரு வார்த்தையச் சொல்லித் தொலைங்களே! பேத்தி முழிச்சுட்டா!"

"வாரேன்! வாரேன்! வாரேன்! போதுமாப்பா?"

மதிலுக்கு மேலே பறந்து வந்த சாவி வண்டிக்கு முன்னால் விழுந்தது. சென்னிமலை ஹாரனை விட்டார். சாவியைக் குனிந்து எடுக்குமுன், துண்டை உதறி, இரண்டு விளக்குகளுக்கும் முகம் துடைத்தார்.