கல்லக்கா கலைக்காத குவியல்

மலைக்கு வருகிறவர்கள் ஆசை ஆசையாகக் கல் அடுக்கிவிட்டுப் போவார்கள். அதைக் காலால் தட்டிவிடுவது அவள் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கல்லக்கா.

பாதையில் வளைவுக்கு வளைவு இடுப்பு உயரத்துக்குக் கற்குவியல் இருக்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு அதுதான் கண். ஒரு குவியலடியில் நின்றுகொண்டு அடுத்தது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் நடக்கலாம், தெரியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். வாரா வாரம் கல்லக்கா ஏறிப் போய், சரிந்த குவியலை நிமிர்த்துவாள். பாதைக்கு வெளியே புதிதாக முளைத்ததையெல்லாம் கலைப்பாள்.

முளைக்காமல் என்ன செய்யும்? அடிவாரத்தில் பெரிய பலகை வைத்து, யாரோ எழுதிய கவிதையைப் பொறித்திருந்தார்கள்.

ஒரு கல் வை, நண்பா.
நீ போன பிறகும்
மலை உன் பேர் சொல்லும்.

பேர் சொல்லட்டும், வழி சொல்லுமா? எழுதினவர் எழுதிவிட்டு வீட்டில் காலை நீட்டிக்கொண்டார். குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிகிறவள் இவள். கவிதை போதாதென்று ஒரு பழங்கதை வேறு. மலைக்கு மறதி அதிகமாம். ஏறுகிறவன் ஒரு கல் வைத்தால்தான், மேலே ஆள் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புமாம். கேட்கிறவன் கேனையன் என்றால் இப்படித்தான் என்று இன்றைக்குத் திட்டுகிற கல்லக்காதான், அந்தக் கதையைத் தன் மகனுக்குச் சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டியவள்.

மகன் வளர்ந்து மலை மலையாகச் சுற்றினான். ஒருநாள் மூட்டத்தில் இறங்கி வரும்போது, எவனோ படம் எடுக்க அடுக்கி வைத்த குவியலை வழி என்று நம்பி மேற்குச் சரிவுக்குப் போய்விட்டான். அங்கே பாதை இல்லை, பாறை விளிம்புதான் இருந்தது. விழுந்தவனைத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

அப்போது அவள் ஒரு சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்த கையோடு மலை அலுவலகத்துக்குப் போய் நின்றாள். "இந்தப் பொய்க் குவியலையெல்லாம் கலைக்கிற வேலையை எனக்குக் குடுங்க சார். சம்பளம் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி" என்றாள். மேற்பார்வையாளர் இளைஞர். எழுந்து நின்றுவிட்டார்.

அவள் கணவர் வெல்டர். அழவும் தெரியாது, ஆறுதல் சொல்லவும் தெரியாது. மகன் விழுந்த விளிம்பில் தானே கல் பொறுக்கி ஒரு குவியல் வைத்தார். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கல். லீவு நாளெல்லாம் ஏறிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கல்லக்கா அதை மட்டும் கலைக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். புதர் மறைத்திருக்கிறது, பாதையிலிருந்து தெரியாது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தக் கோடையில் புதர் காய்ந்து கொட்டிவிட்டது. குவியல் பளிச்சென்று தெரிந்தது. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த வளைவுக்கு நடந்துவிட்டாள். பெற்ற மனம் பித்துதானே.

அப்புறம் ஒரு நாள் மதியமே மூட்டம் இறங்கியது. கூட்டமாகப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், ஒரு பெண்ணைத் தவிர. செருப்பு வார் அறுந்து பின்தங்கினாளாம். அவளுடைய அப்பா அலுவலக வாசலில், மகள் வண்டியிலேயே விட்டுப்போன சால்வையை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து நின்றார்.

மேற்பார்வையாளர் ஆட்களைக் கிழக்கே அனுப்பத் தயாரானார்.

"மேற்குச் சரிவுல பாருங்க சார்."

"அங்க எதுக்குக்கா போகப் போறா? அந்தப் பக்கம் குவியலே கிடையாதே. நீங்கதானே கலைச்சீங்க?"

சொன்னால் வேலை போகும், மானமும் போகும். சால்வைக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு இருக்கு சார். எங்க வீட்டுக்காரர் எங்க பையனுக்கு வெச்சது. நான்தான் விட்டு வெச்சேன்."

எல்லோரும் மேற்கே ஓடினார்கள்.

பெண் அங்கேதான் இருந்தாள். கணுக்கால் வீங்கி, குவியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். "வழுக்கிட்டேன் ஆன்ட்டி. இந்தக் கல்லைப் புடிச்சதாலதான் பொழைச்சேன்" என்று அழுதாள்.

"இந்தக் கல்லு இருந்ததாலதாம்மா இங்க வந்தே" என்றாள் கல்லக்கா.

பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேற்பார்வையாளர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் எதையும் கேக்கல, நீங்களும் சொல்லல. ஆனா இது இருக்கக் கூடாதுக்கா."

அன்றைக்கே கலைத்தாள். நின்று யோசித்தால் முடியாது என்று ஒரே உதை. கறுப்புக் கல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் அதை வைத்தாள். கணவர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"யாரோ பெத்த புள்ளைக்காக நம்ம புள்ளையைக் கலைச்சிட்டு வந்திருக்கே."

"நம்ம புள்ளையும் யாரோ வெச்ச கல்லை நம்பித்தானே போனான்?"

அவர் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அடுத்த வாரம் அவள் ஏறிப் பார்த்தால் குவியல் அதே இடத்தில், உச்சியில் அதே கறுப்புக் கல்லோடு நின்றது. கலைத்தாள். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். லீவு நாளில் கல்லையும் காணோம், கணவரையும் காணோம். மறுபடி குவியல். மறுபடி கலைத்தாள். அவர் கட்டுவதும் இவள் இடிப்பதுமாக மழைக்காலம் முழுக்க ஓடியது. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குழம்பில் உப்பு போதுமா, மின்சாரம் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு. ஒரே கட்டிலில் இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி படுத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் போனால் விளிம்பு வெறுமையாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மடியில் கறுப்புக் கல்.

"முதல் வளைவு வரைக்கும்தான் போக முடிஞ்சுது. இனிமே நம்மால ஆகாது போல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?"

"நீ இடிக்கிறது சரின்னு எனக்கும் தெரியும்." கல்லை அவளிடம் நீட்டினார். "ஆனா, வாரத்துல ஒரு தடவையாவது அவனுக்குன்னு அங்க ஒண்ணு நிக்கணும். நீயே வெச்சுடு. வெச்சுட்டு, இறங்கறதுக்கு முன்னாடி நீயே கலைச்சிடு."

அன்றைக்குத்தான் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள்.

அடுத்த வாரம் அவள் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு மேற்கே போனாள். கற்களை அடுக்கி உச்சியில் கறுப்புக் கல்லை வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்கு மூட்டு வலி, வைத்தியர் மலை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார், கோபமெல்லாம் போய்விட்டது என்று வீட்டு விஷயம் பேசினாள். கீழே மூட்டம் திரள ஆரம்பித்ததும் எழுந்தாள். காலால் தட்டவில்லை. ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்துக் கீழே வைத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கேட்டார்.

"வெச்சியா?"

"வெச்சேன்."

"கலைச்சிட்டியா?"

"கலைச்சிட்டேங்க."