சுறா எண்ணெய் பூசிய குட்டிச் சைக்கிள்

காத்தான்குடிக்குச் சேலை வாங்கப் போனவளுக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன வேலை என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். நான் வேலையாகப் போகவில்லை. கடை வாசலால் நடந்து போனேன், அவ்வளவுதான். உள்ளே தகரங்களுக்குப் பின்னால் ஒரு குட்டி மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கீழே மடங்கியிருந்தது. அந்த மடிப்பைக் கண்டதும் எனக்குக் கால் எழவில்லை.

எங்கள் வீட்டுக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது. ஜப்பானில் செய்தது. இடுப்பளவு உயரம்கூட இல்லை, ஏறிக் குந்தினால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். அவர் மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில்தான் சைக்கிளை ஏற்றிப் போவார். அது ஓடாத நாளில் ஹேண்டிலை மடக்கி, சைக்கிளைத் தோணியில் படுக்க வைத்துக் கொண்டுபோவார். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்று, தோணிக்காரர் தோணிக்குப் பூசும் சுறா எண்ணெயை இவர் எஞ்சினை ஒட்டிய சில்லு மட்காட்டின் உட்புறம் முழுக்கப் பூசி வைத்தார். எஞ்சின் சூடேறினால் போதும், நாற்றம் தாங்க முடியாது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் மனிதர் வந்து சேர முதலே மணம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு மேலால் கூப்பிடுவாள்.

"உன்ட சுறா வருது கா, சோத்தப் போடு."

வருடக்கணக்கில் அதே பகிடி. எனக்குச் சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

முழங்கால் நோவு வந்த பிறகு சைக்கிளை யாருக்கோ விற்றார். பிறகு அவரும் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, கனடாவிலிருந்து வந்திருந்த மகள் அவருடைய உடுப்பு, செருப்பு, தலையணை எல்லாவற்றையும் அகற்றினாள். அம்மா பார்த்துப் பார்த்து அழுவா என்ற நல்ல எண்ணம்தான். போகும்போது வீடு முழுக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டும் போனாள். அன்றிலிருந்து வீட்டில் அவருடைய மணம் ஒரு பொட்டும் இல்லை. தனிமை என்றால் சத்தமில்லாத வீடு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சத்தத்துக்கு நான் வானொலியைப் போடுவேன். மணத்துக்கு எதைப் போடுவது?

"இது ஆர்ட தம்பி?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"தெரியாக்கா. நம்பர் தகடும் இல்ல, ஒண்டும் இல்ல. ஓட ஏலா, இரும்புக்குத்தான் எடுத்த."

சட்டகத்தில் அடித்திருந்த இலக்கத்தைத் துரு தின்றிருந்தது. நிறம் பச்சை. எங்களுடையது சிவப்பு. ஆனால் பச்சை உரிந்த இடங்களில் சிவப்பு தெரிந்தது. சிவப்பில் எத்தனையோ வந்திருக்கும், அதை நம்பி என்ன செய்வது? வெட்கத்தை விட்டுக் குந்தி மட்காட்டுக்குள் மூக்கை நுழைத்தேன். கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மணந்தேன். அந்த மணம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். எஞ்சின் ஒரு தடவை ஓடிச் சூடேறினால் அவருடையதா இல்லையா என்று என் மூக்கே சொல்லிவிடும் என்று கணக்குப் போட்டு, அதை வாங்கிவிட்டேன்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். "எஞ்சின மட்டும் ஓட வெய்யுங்க தம்பி, மத்ததில கை வெக்க வேணாம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

"உங்கட மாஸ்டரிட்டப் படிச்சவன் நான். நீங்க யோசிக்காதீங்க, வடிவாச் செய்து தாறன்."

அந்த 'வடிவா'வுக்கே நான் பயந்திருக்க வேண்டும். காபிரேட்டர் அடைப்பு என்றார், கொழும்பிலிருந்து சாமான் வர வேண்டும் என்றார். ஒருநாள் வரச் சொன்னார். போனால் வாசலில் நிற்கிறது, கோயில் தேர் மாதிரி, சிவப்பாக மினுங்கிக்கொண்டு.

"உள்ளுக்குள்ள சரியான ஊத்தை அக்கா. சோடா போட்டு ஊற வெச்சு, இரும்பு தெரியுமட்டும் உரஞ்சிக் கழுவித்தான் பெயின்ற் அடிச்சன்."

"என்ன மணம் மணத்தது தம்பி?"

"அது தெரியா. மூக்கக் கட்டிக்கிட்டுத்தானே கழுவின நான்."

என் வாய் சும்மா கிடக்கிற வாய் இல்லை, ஊருக்கே தெரியும். ஆனால் அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வடிவாயிருக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் உதைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சூடேறும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன். பெயின்ற் மணம் வந்தது, பெற்றோல் மணம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அது அவருடையதா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. பாதையில் ஏற்றிக்கொண்டு வரும்போது வாவியைப் பார்த்தபடி அழுதேன். காற்றுக்குக் கண் கலங்குகிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

வாகரைப் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் சொல்லி ஒரு போத்தல் சுறா எண்ணெய் எடுப்பித்தேன். உப்புக்காற்றுக்கு நல்லது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, மட்காட்டுக்குள் கையால் பூசினேன். பின்னேரம் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி உதைத்தேன். ஓடட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் நாற்றம் எழும்பியது, அதே நாற்றம்.

வேலியடியில் காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சொல்லன் கா" என்றேன்.

"என்னத்த?"

"எப்பவும் சொல்றதத்தான்."

அவள் ஆளில்லாத சீற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருது எண்டு எப்பிடிக் கா சொல்ற?" என்றாள்.

நான் பெற்றோல் வரும் திருகைப் பூட்டினேன். குழாயில் மிச்சமிருந்தது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை, வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றுகொண்டிருந்தோம்.