தம்பிக்காக அம்மா போன வகுப்பு

என் தம்பிக்கு இரண்டரை வயது ஆகும்வரை அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவனிடம் இருந்தவை மொத்தம் நான்கு சத்தங்கள். மூக்கால் 'ம்ம்' என்று இழுத்தால் தண்ணீர். 'ஈ' என்று கீச்சிட்டால் டிவி. 'த்தா' என்றால் பிஸ்கெட், இல்லையென்றால் அப்பாவின் வண்டி, அதுவும் இல்லையென்றால் தெருவில் போகும் நாய். எது என்பதை அவன் கை நீட்டும் திசையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான்காவது சத்தம் அழுகை.

இவ்வளவும் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். "இன்னா கேக்கறான் பாரு" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிஸ்கெட், ஆனா உடைக்காம முழுசா வேணுமாம்" என்று அறிவிப்பேன். அப்போது நான் நான்காவது படித்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் இப்படி ஒரு பதவி கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நாங்கள் இருந்தது ஆம்பூரில். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தாள். அப்பா தோல் லோடு ஏற்றும் சின்ன வண்டி ஓட்டினார். காலையில் கம்பெனி பஸ் வந்ததும் அம்மா தம்பியை மாடி வீட்டு பாயம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள். பாயம்மாவுக்கு அவன்மேல் உயிர். நாள் முழுக்க உருதுவில் அவனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவன் பேசாதது ஊருக்கெல்லாம் தெரிந்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "நானே நாலு வயசுலதான் வாயத் தெறந்தேன். இப்ப கம்மியாவா பேசறேன்?" என்றார் அப்பா. அவர் கம்மியாகப் பேசுகிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாயம்மாவோ, இரண்டு பாஷை கேட்டுத்தான் குழந்தை குழம்பிப்போய்விட்டது என்று தானே முடிவுகட்டி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சாப்பாடு ஊட்டும்போதுகூட வாயைத் திறந்து காட்டி, தலையாட்டி, கையசைத்துச் சமாளித்தார். இப்படியாக வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

ஒடுகத்தூரிலிருந்து வந்த அத்தை சோளிங்கர் மலைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெத்தவ மெஷினோட மல்லு கட்டினு இருந்தா, புள்ள யாரோட பேசும்?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அம்மா அந்த வாரமே வேலையை விட்டுவிடப் போவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தாள். மாதக் கடைசிவரை பொறுத்துப் பார் என்று சூப்பர்வைசர் அம்மா சொன்னாராம்.

அதற்குள் வேலூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனார்கள். காதைச் சோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. டாக்டர் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அங்கே பேச்சு வகுப்பு நடக்கிறது, கட்டாயம் போங்கள் என்றார்.

அம்மா தம்பிக்குப் புதுச் சட்டை போட்டு, தலையை வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற மாதிரி கிளப்பினாள். அவன் சொல்வதை அங்கே யாராவது விளக்க வேண்டுமே என்று அம்மா அப்பாவோடு நானும் போனேன். மாடியில் ஒரு பெரிய அறை. தரையில் பாய்கள். ஏழெட்டுக் குடும்பங்கள். டீச்சர் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்துவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவரோ குழந்தைகளை மூலையில் பொம்மைகளோடு விட்டுவிட்டு, அம்மா அப்பாக்களைப் பாயில் வட்டமாக உட்காரச் சொன்னார்.

"இவனுக்கு வகுப்பு இல்லையா மேடம்?" என்று அப்பா கேட்டார்.

"வகுப்பு உங்களுக்குத்தான் சார். வாரம் முழுக்க அவன் உங்ககூடதானே இருக்கான்" என்றார் டீச்சர்.

அப்பா பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. வெளியே போக வழி இருக்கிறதா என்று கதவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, வீட்டில் இரண்டு பாஷை பேசியதால்தான் மகன் பேசவில்லை என்று மாமியார் சொல்வதாகச் சொன்னார். எத்தனை பாஷை பேசினாலும் அதனால் பேச்சு தள்ளிப்போகாது என்றார் டீச்சர். அம்மாவின் முறை வந்தது. "நான் வேலைக்குப் போறேன் மேடம், அதனாலதான்" என்று தொடங்கினாள்.

"அதனால இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல" என்றார் டீச்சர்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வாணியம்பாடி அக்கா நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் திட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து நான் அவரை முறைத்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அம்மா இரண்டு செட் பூரி சாப்பிட்டாள். திட்டு வாங்கியவளுக்கு எப்படி அவ்வளவு பசி எடுத்தது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சட்டதிட்டங்கள் மாறின. அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து பேச வேண்டும். 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்கக் கூடாது. எதையாவது கேட்டால் உடனே கொடுக்காமல், மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பாயம்மாவிடம் உருதுவுக்குத் தடை இல்லை என்று சொன்னதும், அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அவர் ஒரே நாளில் அவனிடம் பேசித் தீர்த்தார். கடைசிச் சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது. அவனுக்குப் பதிலாக வேறு யாரும் பேசக் கூடாது.

எனக்கு வேலை போய்விட்டது. வெளிப்படையாகச் சண்டை போட முடியவில்லை. இரகசியமாகச் சேவையைத் தொடர்ந்தேன். அம்மா எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பிஸ்கெட்டை நீட்டுவேன். அவனும் விவரமானவன், வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் தின்பான்.

வீட்டில் விளையாடுவதை ஐந்து நிமிடம் செல்போனில் எடுத்து வரச் சொல்லியிருந்தார் டீச்சர். அப்பா எடுத்தார். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் அம்மா வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். தம்பி அம்மாவைப் பார்க்கவே இல்லை, அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துச் சிரித்தான். அப்போது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை மெதுவாக நீண்டது. கையில் பாதி உரித்த வாழைப்பழம். அறையே குலுங்கிச் சிரித்தது. கை யாருடையது என்று கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. நான்தான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேனே.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் சொல்றது எல்லாம் உனக்குப் புரியுதாமே. ஜாஸ்தி புரியறதுதான் பேஜாரு. இனிமே உனக்கு ஒண்ணுமே புரியக் கூடாது. எல்லாத்தையும் தப்பா செய்யணும். முடியுமா?"

தப்பாகச் செய்வதில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது. தம்பி தண்ணீர் கேட்டால் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஊற்றினேன். அவன் சட்டையைக் காலில் மாட்டிக்கொண்டேன். அப்பாவுக்கும் இது பிடித்துப்போய், அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு லோடு எடுக்கக் கிளம்பினார். தம்பி முதலில் சிரித்தான், பிறகு திகைத்தான், போகப்போக எங்கள் அறிவைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தான். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. மாதக் கடைசிகள் வந்து போயின. வேலையை விடுவதைப் பற்றி அம்மா பிறகு பேசவில்லை.

ஒரு சாயங்காலம் அவனுடைய சாக்ஸை எடுத்து என் காதில் மாட்ட முயன்றுகொண்டிருந்தேன். நுழையவில்லை என்று இழுத்தேன். அவன் விறுவிறுவென்று வந்து சாக்ஸைப் பிடுங்கினான். "இல்ல" என்றான்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அவன் இன்னா சொல்ல வர்றான்னா என்று நான் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். தம்பி சாக்ஸைத் தன் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு, முட்டாள்களுக்கு விளக்குகிற பொறுமையோடு, "கா" என்றான். பிறகு என் காதைக் காட்டி மறுபடியும், "இல்ல."

அப்பா அன்றைக்கு முழுக்க அவனிடம் வேண்டாததையெல்லாம் நீட்டி நீட்டி 'இல்ல' கேட்டு வாங்கினார். பாயம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து அவனைத் தூக்கினார். அவருக்கும் ஒரு 'இல்ல' கிடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒன்று இரண்டாக வந்தன, பிறகு கும்பலாக. இப்போது அவன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். போனை வை என்று சொன்னால் காரணகாரியங்களோடு கால்மணி நேரம் பேசுகிறான்.

ஆனால் அவன் பேச ஆரம்பித்த பிறகும் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பியைக்கூட வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம், அவள் ஃபெயில் ஆகிவிட்டாள் என்பதுதான். அப்பாவை ஒரே வருஷத்தில் பாஸ் போட்டு அனுப்பிவிட்டார்கள், அம்மாவை மட்டும் அதே வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, நிலைமையை நேரில் பார்த்துவிடுவது என்று அவளோடு போனேன். வாசலில் ஒரு புது அக்கா, இடுப்பில் குழந்தையோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். அம்மா பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்த அக்கா உட்கார்ந்து தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். அம்மா இரண்டே வார்த்தைதான் பதில் சொல்லியிருப்பாள். உடனே அந்த அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் படித்தும் ஒன்றும் கற்றுக்கொள்ளாமல், புதுசாக வந்தவளை முதல் நாளே அழவைத்துவிட்டாளே, இனி இவளை எப்போது பாஸ் போடப் போகிறார்கள் என்று.