சாணி பூசிய கொய்யா

சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பேச்சை ஆரம்பிக்குமுன் சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து வெள்ளை மீசையைச் சீவிக்கொள்வார். சுவர் தாண்டுகிறதென்று எங்கள் கொய்யாவின் கிளைகளைத் தாறுமாறாக வெட்டியவர் அவர்தான். பிசிறடித்த வெட்டுகளை நான் வழவழப்பாக அறுத்து, சாணி பூசி, நல்ல துளிர்களை மட்டும் விட்டு வளர்த்தேன். அவரே வந்து ஏணி பிடித்தார். மனசு இரங்கிவிட்டாரென்று நினைத்தேன்.

மரம் கொத்துக்கொத்தாகக் காய்த்ததும் மறுபடி வெட்டிவிட்டார்.

"அப்ப எதுக்கு அண்ணாச்சி ஏணி பிடிச்சிய?"

மீசையைச் சீவினார். "மொட்ட மரத்த வெட்டுனா ஒமக்கு எப்படி வே வலிக்கும்? காய்க்கட்டும்னுதான் காத்திருந்தேன்."

மரத்தைப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை பிசிறே இல்லை. ஒவ்வொரு வெட்டிலும், மறுபடி துளிர்க்க வாகாக, அவரே சாணி பூசியிருந்தார்.