மீன் தராசில் நிறுத்த துப்பாக்கி

திருவொற்றியூரில் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். லேத்திலிருந்து வருகிற உருப்படியை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை பெயிண்டும் சரியில்லாவிட்டால் சிவப்பு பெயிண்டும் வைப்பது என் வேலை. சிவப்பு வைப்பதில் எனக்குக் கை தாராளம் என்று ஷாப்பில் பேச்சு. இருக்கட்டும். எங்கள் அளவுக் கருவி ஒவ்வொன்றிலும் கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கும். கெடு முடிந்த வெர்னியரை நான் கையால் தொட மாட்டேன். ஒருமுறை மேனேஜர் அவசரம் என்று அப்படி ஒன்றை நீட்டினார். அதை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுச் சிரிக்கும்போது நீங்கள் முழுதாகச் சிரிக்க வேண்டும்.

துப்பாக்கி சுடப் போனது நாற்பத்து மூன்று வயதில். தொழிற்சாலை விளையாட்டு விழாவுக்காக எங்களை ஒரு துப்பாக்கி கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் சேர்ந்துவிட்டேன். ராயபுரத்திலிருந்து வடக்கே, எண்ணூர் தாண்டிப் போக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றால் ஸ்கூட்டரை எந்தச் சந்தில் திருப்ப வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. துப்பாக்கிகள் கிளப்புடையவை, கிளப்பின் லைசென்ஸில் இருப்பவை. இரும்பு அறையிலிருந்து எடுத்துச் சுட்டுவிட்டு, அங்கேயே பூட்டிவிட்டு வர வேண்டும்.

ஒரே இடத்தில் நின்று வட்டத்தைப் பார்த்துச் சுடுவது எனக்கு அலுத்துவிட்டது. என் மனசுக்குப் பிடித்தது ஓடிச் சுடும் போட்டி. ஒரு தடுப்பிலிருந்து அடுத்த தடுப்புக்கு ஓட வேண்டும். இரும்புத் தட்டுகளைச் சுட்டு விழவைக்க வேண்டும், காகித இலக்கில் துளை போட வேண்டும், நடுவில் குண்டு அடைத்த மேகசினை மாற்ற வேண்டும். நேரமும் கணக்கு, குறியும் கணக்கு. இதில் ஃபேக்டரி பிரிவு என்று ஒன்று உண்டு. துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும். மேலே சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி வைக்கக் கூடாது, உள்ளே அரத்தைக் கொண்டுபோகக் கூடாது. ட்ரிகரும் ரொம்ப இலகுவாக இருக்கக் கூடாது. அதை இழுக்கக் குறைந்தது இரண்டேகால் கிலோ விசை தேவைப்பட வேண்டும். குறைந்தால் திறந்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே கண்ணாடி வைத்த பெரிய கைகள் நிற்கும்.

சென்ற வருடம் கிளப்புகளுக்கு இடையே போட்டி அறிவித்தார்கள். ஃபேக்டரி பிரிவில் முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எனக்கு அந்த மூன்றில் ஒன்று வேண்டும். வேறு எதற்காகவும் இவ்வளவு ஆசைப்பட்ட ஞாபகம் இல்லை. எங்கள் கிளப்பிலிருந்து அந்தப் பிரிவுக்கு இரண்டு பேர், நானும் கஸ்டம்ஸில் ரிட்டையர் ஆன ஒரு பெரியவரும். துப்பாக்கிகளும் இரண்டே. நாணயம் சுண்டியதில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு விழுந்தது. எழுதிக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது. யோசிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கேட்டேன். பெரியவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, மெதுவாகப் பாருங்கள் மேடம் என்றார். அவருக்கு லேசான துப்பாக்கி மேல்தான் கண்.

ஒன்று முழுக்க இரும்பு, நம் நாட்டில் செய்தது. நாட்டுத் துப்பாக்கி என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது, அது வேறு சரக்கு. இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வந்தது, மேல்பாதி இரும்பு, பிடி பிளாஸ்டிக். இரும்புக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதனால் சுட்டால் அடக்கமாக இருக்கும், அடுத்த தட்டுக்குக் குறி உடனே வந்து உட்காரும். பிளாஸ்டிக் துள்ளும். ஆனால் என் கை சின்னது. இரும்பின் பிடியைப் பிடித்தால் மேகசின் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டாது, பிடியை விட்டுத்தான் அழுத்த வேண்டும். பிளாஸ்டிக்கில் விரல் தானாகப் போய் விழுந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் ட்ரிகர். இரும்பில் முதல் குண்டுக்கு இழுப்பது அடிபம்பு அடிக்கிற மாதிரி. இரண்டாவது குண்டிலிருந்து வெண்ணெய். பிளாஸ்டிக்கில் முதல் குண்டும் பத்தாவது குண்டும் ஒரே மாதிரி. ஆயிரம் உருப்படியும் ஒரே அளவில் வர வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கிளப்பில் எத்தனையோ பேர் இழுத்து இழுத்துத் தேய்ந்த ட்ரிகர் அது. இரண்டேகால் கிலோ தாங்குமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. தொழிற்சாலைக் கருவியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது, துப்பாக்கியைக் கிளப்புக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அப்போதுதான் அண்ணி ஞாபகம் வந்தது.

அண்ணி என் கணவரின் அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து, ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் உட்கார்ந்து விற்கிறவர். பக்கத்துக் கடைகளில் கூறு கட்டி விற்பார்கள். அண்ணி மட்டும் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார். ஞாயிறு பூசை முடிந்து நான் போய் நின்றால், நிறுத்ததற்கு மேல் எப்போதும் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். வாய் கொஞ்சம் காரம் என்றாலும் தம்பி பெண்டாட்டி மேல் பாசம் உண்டு என்று நானும் பெருமையாக வாங்கி வருவேன்.

தராசு வேண்டும் என்றபோது அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வியாபாரம்தான் முடிந்துவிட்டதே, எடுத்துக்கொண்டு போ, தொலைத்துவிடாதே என்றார். நான் அதை சோப்புப் போட்டுக் கழுவி, வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்து, துணியில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

கிளப்பில் சுடும் இடத்துக்குப் பொறுப்பான ரேஞ்ச் ஆபீசர் துப்பாக்கி காலி என்று மூன்று முறை திறந்து காட்டினார். கொக்கியை ட்ரிகரில் மாட்டி நேராக இழுத்தேன். க்ளிக் என்ற இடத்தில் முள் இரண்டு கிலோ நானூறு காட்டியது. ஐந்து முறை இழுத்தேன், ஐந்து முறையும் அதே நானூறு. இரும்பு நான்கு கிலோவைத் தாண்டியது. ஐந்தையும் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு, பிளாஸ்டிக் என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் இரும்பை எடுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு மாதம் அவர் அந்த முதல் குண்டை மட்டுமே பழகினார். மற்றதெல்லாம் தானாக வரும், இதன் கோணல் இந்த ஒரு இடத்தில்தான் என்பார். பாவம் என்று நினைத்தேன்.

போட்டி நாளில் சோதனை மேஜையில் ஒருவர் இரண்டேகால் கிலோ எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டு, துப்பாக்கியை மெதுவாக மேலே தூக்கினார். கல் மேஜையை விட்டு எழும்ப வேண்டும், ட்ரிகர் விழக் கூடாது. பெரியவரின் இரும்பு கல்லை எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றது. என்னுடையது கல் எழும்புவதற்கு முன்பே க்ளிக் என்றது. மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றிலும் க்ளிக்.

தராசில் நானூறு காட்டியதே என்று வாதாடினேன். எந்தத் தராசு என்று கேட்டார். மீன் தராசு என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுத் தராசு என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. என் பெயரை அடித்துத் திறந்த பிரிவில் எழுதினார். எனக்கு அழுகை முட்டியது. அதற்குமேல் என் மேலேயே கோபம்.

கோபத்தில் நான் நன்றாகச் சுடுவேன் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு தட்டு தப்பவில்லை. மேகசின் மாற்றியதை நானே பார்க்கவில்லை, விரல் பார்த்துக்கொண்டது. திறந்த பிரிவில் எனக்குக் கடைசிக்கு முந்தின இடம். அதே மதிப்பெண்ணுக்கு ஃபேக்டரி பிரிவில் இரண்டாம் இடம் வந்திருக்கும். அங்கே மூன்றாவதாக வந்தவர் பெரியவர். என்னிடம் வந்து, அந்த இடம் உங்களுடையது மேடம் என்று சங்கடப்பட்டார். முதல் குண்டை இரண்டு மாதம் இழுத்தது நீங்கள்தானே என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று ஓடிய ஓட்டம் உடம்பில் இன்னும் இருந்தது, அதை யாரும் எந்தப் பிரிவுக்கும் தள்ள முடியாது.

அடுத்த ஞாயிறு அண்ணியிடம் நேராகப் போனேன். உங்கள் தராசு எடையைக் கூட்டிக் காட்டுகிறது, ஊருக்கே குறைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அண்ணி நெத்திலியை அள்ளித் தட்டில் போட்டபடி நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு கிலோக்கு எரநூறு கிராம் தூக்கிக் காட்டும். உப்புக் காத்துல ஸ்பிரிங்கு தளந்து பத்து வருசமாச்சு. எனக்குத் தெரியாதா இன்னா?"

பிறகு ஏன் புதிது வாங்கவில்லை என்றேன்.

"இதுல எவ்ளோ கொறன்னு எனக்குத் தெரியும்மே. புதுசுல எவ்ளோ கொறன்னு யார் கண்டா? அதான் அல்லாருக்கும் மேல ஒரு பிடி போட்டுக்கினு கீறேன். மீனுக்கு நான் போடறேன். துப்பாக்கிக்கு நீ போட்டியா?"

தராசு முள் இரண்டு கிலோவில் நின்றது. அண்ணி வழக்கம்போலக் கூடையில் கைவிட்டு இன்னொரு பிடி அள்ளி என் பையில் போட்டார். அந்தப் பிடியைத்தான் நான் பத்து வருஷமாகப் பாசம் என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.