விஷால் எடைக்கு மூன்று மூட்டை

சத்யராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் கடைக்கு வீல் அலைன்மென்ட் பார்க்க வருகிறவர்கள் யாரும் திட்டு வாங்காமல் போனதில்லை. டயரின் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்திருக்கும். வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். "மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டுக்கினு வந்துட்டியாபா?" என்பான். தாமல் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அது. இவன்தான் முதலில் ஸ்பேனர் பிடித்தவன். பெரிய காஞ்சிபுரத்தில் பஞ்சர் ஒட்டத் தொடங்கி, நாற்பதை நெருங்கும்போது வெள்ளைகேட் போகும் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டான்.

அவனிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் விஷால். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், நல்ல வாட்டசாட்டமான பையன். பழைய கார் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கி, லீவு நாளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் விரட்டுவான். அப்படிப்பட்ட வண்டிக்குக் கார் கம்பெனி சொல்கிற அளவு சரிப்படாது. சக்கரத்தின் தலையை உள்பக்கம் எவ்வளவு சாய்ப்பது என்று யோசித்துத்தான் வைக்க வேண்டும். நிறையச் சாய்த்தால் வளைவில் பிடித்துக்கொள்ளும், ஆனால் டயரைத் தின்றுவிடும். குறைத்தால் டயர் பிழைக்கும், வளைவில் வழுக்கும். இதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினாலும் இருவருக்கும் அலுக்காது.

இன்னொன்றும் உண்டு. ஓட்டுகிறவனின் எடை சீட்டில் இருக்கும்போதுதான் அளவு வைக்க வேண்டும். இறக்கிய வண்டி அவ்வளவு நொரநாட்டியம் பிடித்தது. விஷாலுக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. அதனால் பழைய இரும்புக் கடைத் தராசில் அவனை ஏற்றிப் பார்த்து, அதே எடைக்கு மூன்று அரிசிச் சாக்கில் மணல் கட்டி வைத்திருந்தான் சத்யராஜ். கார் வந்ததும் மூட்டைகளைச் சீட்டில் ஏற்றிவிட்டு, விஷாலை டீக்கடைக்கு விரட்டிவிடுவான்.

ஒரு சமயம் பல மாதம் கார் வரவில்லை. பிறகு வந்தபோது, அதிலிருந்து இறங்கியவனை சத்யராஜுக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், சட்டை கொடியில் காய்வதுபோல் தொங்கியது.

"வயித்துல கட்டிண்ணா. கேன்சராம். கீமோ ஊசி போட்டுக்கினு இருக்காங்க" என்றான் விஷால், யாருக்கோ வந்ததைச் சொல்வதுபோல. "அத வுடு. வண்டி வலது பக்கமா இழுக்குது, பாரு."

சத்யராஜ் வண்டியைத் தூக்கிப் பார்த்தான். ஸ்பிரிங், புஷ் எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. வண்டியில் ஒரு குறையும் இல்லை. மூன்று மூட்டைக்கு வைத்த வண்டியில், இரண்டு மூட்டை தேறாத ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறான். அவ்வளவுதான்.

"நீயே ஏறி உக்காருபா. புதுசா அளவு வச்சிடலாம்."

"வேணாண்ணா. மூணு மூட்டைக்கே வையி."

"இழுக்கும்பா."

"இழுக்கட்டும். நான் பழையபடி தேறி வந்துடுவேன்ல, அன்னிக்கி நேரா போவும். எனக்கே தெரிஞ்சிடும்."

விஷால் டீக்கடைக்கு நடந்தான். நான்கு எட்டு வைப்பதற்குள் நின்று மூச்சு வாங்கினான். தெம்பில்லாத இந்தக் கையை வைத்துக்கொண்டு, இழுக்கிற ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பான் என்ற பயம் ஒன்றுதான் அப்போது சத்யராஜின் மண்டைக்குள் இருந்தது. சீட்டில் ஏற்றிய மூன்று மூட்டையில் ஒன்றை இறக்கிக் கீழே போட்டான். சக்கரத்தின் சாய்வையும் குறைத்தான். இனி இவன் வளைவில் பறக்கப்போவதில்லை, நேர்ச் சாலையில் அலையாமல் போனால் போதும். வேலை முடிந்ததும் மூட்டையைத் தூக்கி மறுபடியும் சீட்டிலேயே வைத்தான்.

"மூணுக்குத்தான வச்ச?"

"ஆமாபா."

வெள்ளைகேட் தாண்டியதுமே விஷாலின் போன் வந்தது. "அண்ணா, இப்பவே நேரா போவுதுண்ணா! ஒரு வாரமா சோறு எறங்குது. எட ஏறிக்கினு இருக்குது போல!" குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்போதே சொல்லியிருக்கலாம். ஊரையே வாய்க்கு வந்தபடி திட்டுகிறவனுக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு எழவில்லை. "நல்லதுபா" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மாதத்துக்கும் மேலாகியிருக்கும். விஷாலின் மனைவி சிம்ரன் கடைக்கு வந்தாள். பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். அந்தக் கடையின் சீருடைப் புடவையோடே வந்திருந்தாள்.

"அண்ணா, அவுரு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கிறாரு. ரெண்டு ஊசி தள்ளிப்போயிடுச்சு. அங்க எட பாக்குற மிஷினு தப்பாம். வண்டி நேரா போவுதே, அது பொய் சொல்லுமான்னு கேக்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு."

சத்யராஜ் ஷட்டரைக்கூட இறக்காமல் அவளோடு போனான். கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த விஷாலின் அருகே நின்று, சிம்ரன் கேட்கும்படியே சொன்னான். "ரெண்டு மூட்டைக்குத்தான் வச்சேன்பா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

விஷால் மெதுவாகத் திரும்பினான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அப்ப வண்டி சொல்லல. நீதான் சொல்லிக்கினு இருந்தியா?"

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே சட்டையை மாட்டினான். "வாண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். சத்யராஜே விஷாலின் காரை ஓட்டினான்.

டாக்டர் நல்லவர்தான். விஷாலை வெளியே உட்கார வைத்துவிட்டு, சத்யராஜிடமும் கூட வந்திருந்த சிம்ரனிடமும் பொறுமையாகச் சொன்னார். கட்டி பரவிவிட்டது. மறுபடி ஊசி தொடங்கினால் இந்த உடம்பு தாங்காது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஊசிகளைப் போட்டிருந்தால் என்று சத்யராஜ் கேட்டதற்கு, அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்.

வராந்தாவில் சத்யராஜ், "வேற டாக்டர ஒருவாட்டி கேட்டுப் பாக்கலாம்மா" என்றான். சிம்ரன் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க வண்டிய எடுத்துக்கினு போங்க சார். நாங்க ஆட்டோல போய்க்கிறோம்."

விஷாலின் காரியத்துக்குப் போனபோதும் அவள் மரியாதையில் குறை வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றாள்.